படத்தில் இல்லாத புகை

1

இந்தப் பருவத்தின் முதல் தீப்புள்ளி போன செவ்வாய்க்கிழமை செயற்கைக்கோள் படத்தில் வந்தது. சுமத்ராவின் கிழக்குக் கரையோரம், சதுப்பு நிலம், ஒற்றைப் புள்ளி. என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரர் ஹம்சா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "ஆரம்பித்துவிட்டது" என்று அவர் மொழியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தப் புள்ளியையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயது ஆள், பன்னிரண்டு வருடமாக இதே வேலை, ஒரு கறுப்புப் புள்ளிக்குப் பயப்படுவது வெட்கக்கேடுதான். ஆனாலும் பயந்தேன்.

சிங்கப்பூரில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஆகாசத்துல இருந்து போட்டோ எடுக்கற கம்பெனி" என்று என் மாமனார் பொள்ளாச்சிப் பக்கம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஏறக்குறைய சரிதான். வானிலைச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளைக்குச் சில தடவை எங்கள் தலைக்கு மேலே கடந்து போகும். கூரையில் இருக்கிற ஆன்டெனா தலையைத் திருப்பித் திருப்பி அவற்றைப் பின்தொடரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் படம் வரிவரியாக இறங்கிவிடும். அதில் சூடான இடம் கறுப்பு. புகை, கண்ணாடியில் பால் சிந்தித் துடைக்காமல் விட்ட மாதிரி ஒரு வெளுப்பு. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புகை கிளம்பியது, காற்று அதை எங்கே கொண்டு போகிறது, நாளைக்கு யார் தலையில் இறங்கும் என்று வரைபடத்தில் கோடு போட்டு, பத்து மணிக்குள் நாலு அலுவலகங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். கோவையில் இயற்பியல் படித்தவனுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா என்று ஒரு காலத்தில் பெருமையாகத் திரிந்தேன்.

2

தொண்ணூற்றேழு செப்டம்பரில் இங்கே இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் எழுந்தால் எதிர் பிளாக் தெரியாது. சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்கலாம், ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். காயப்போட்ட துணியில் புகை வாடை. இந்தப் புகைமூட்டத்துக்கு இங்கே 'ஹேஸ்' என்று பெயர். வானொலியில் மணிக்கொரு தரம் காற்றின் மாசு எண்ணைச் சொல்வார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி எல்லாரும் கேட்போம்.

என் மகள் பவித்ராவுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்தே இளைப்பு. மழைக்காலத்தில் வரும், மருந்தை உறிஞ்சினால் போய்விடும். அந்த மாதம் போகவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினாள். கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சாந்தாமணி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். சாந்தாமணி என் மனைவி.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "ஏனுங்க, தெனமும் மேல இருந்து பார்க்கறீங்களே, இந்தப் பொகை எப்பத்தான் போகும்?"

சுமத்ராவில் எரிவது மரம் மட்டுமில்லை, மண்ணும்தான் என்றேன்.

"மண்ணு எப்படீங்க எரியும்?"

"உங்கண்ணன் மில்லுல தேங்கா மட்டைத் தூளு மலையாட்டம் கெடக்குதல்ல, அந்த மாதிரி மண்ணு. மேல எத்தனை தண்ணி ஊத்தினாலும் அடியில பொகைஞ்சுட்டே இருக்கும்."

"ஓ" என்றாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. இதை எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வாரம் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. விளையாட்டு நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். "இந்தக் காற்று சரியாகும் வரை வெளியே எங்காவது அனுப்ப முடியுமா? உங்களுக்கு இந்தியாவில் உறவினர் இருப்பார்களே?" என்று டாக்டர் கேட்டார்.

இருக்கிறார்களே. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்கு நடுவில் சாந்தாமணியின் அண்ணன் மயிலுசாமியின் வீடு. இதைவிட நல்ல காற்று உலகத்தில் எங்கே இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் துணி காயப்போட்டால் கிளிப் போடாமல் நிற்காது. டாக்டர் கேட்ட மறுநொடியே முடிவு செய்துவிட்டேன்.

3

எங்கள் ஆன்டெனாவுக்குப் பொள்ளாச்சி எட்டாது என்றே சொல்லலாம். செயற்கைக்கோள் வங்காள விரிகுடாவின் மேலே போகிற நாட்களில் மட்டும் படத்தின் இடது விளிம்பில் தென்னிந்தியா வந்து ஒட்டிக்கொள்ளும். படத்தின் நடுவில் ஒரு புள்ளி என்பது தரையில் ஒரு கிலோமீட்டர் சதுரம். விளிம்புக்குப் போகப் போகப் புள்ளி இழுபட்டு அகலமாகும், ஒரு புள்ளிக்குள் நாலைந்து ஊர் அடங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது: விளிம்பை நம்பாதே.

அந்த வாரம் விளிம்பில் கொங்குநாடு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை கறுகறுவென்று ஒரு கோடு, கணவாய் இடைவெளி, அதற்குக் கிழக்கே தெளிவான நிலம். மேகம் இல்லை. வெளுப்பு இல்லை. கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கண் கலங்கிவிட்டது. வலது பக்கம் சுமத்ராவும் மலாயாவும் புகைக்குள் மூழ்கிக் கிடக்க, இடது ஓரத்தில் என் ஊர் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றது.

சாந்தாமணி மட்டும், "எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க. அங்க என்ன நெலவரமோ" என்றாள். அவளால் கூடப் போக முடியாது. மின்சாமான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, மே மாதம் ஊருக்குப் போய் லீவு முழுவதையும் தீர்த்திருந்தாள். தெரிந்த திருப்பூர்க் குடும்பம் ஒன்று ஊருக்குப் போகிறது, அவர்களோடு அனுப்பி, சென்னையில் மயிலுசாமி வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஃபோன் செய்தேன். நான் கேட்டதை இப்போது வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "மச்சான், பவியை ஒரு ரெண்டு மாசம் அங்க அனுப்பறோம். அங்க பொகை கிகை ஒண்ணும் இல்லையே?"

இரண்டு நொடி சத்தமில்லை. கம்பிக் கோளாறு என்று நினைத்தேன். பிறகு, "என்னங்க மாப்ள இப்படிக் கேட்டுப்போட்டீங்க? எம் பொறந்தவ புள்ள. தாராளமா அனுப்புங்க. நாளைக்கே அனுப்புங்க" என்றார்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. படத்தின் அந்த விளிம்பை மட்டும் பெரிதாக்கி, பொள்ளாச்சி இருக்கிற இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "உங்கள் ஊர்தான் இப்போது ஆசியாவிலேயே சுத்தமான இடம்" என்று கீழே எழுதி, அவருடைய மில்லுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். மாமனார் வீட்டில் என் வேலை என்னவென்று தெரியட்டும் என்ற அற்ப ஆசையும் இருந்தது. மறைப்பானேன்.

பள்ளியில் ஒரு பருவம் விடுப்பு கேட்டு மூன்று படிவம். 'வெளிநாடு செல்லக் காரணம்' என்ற இடத்தில் 'காற்று' என்று எழுதினேன். அலுவலகப் பெண்மணி அதை அடித்துவிட்டுக் 'குடும்பக் காரணம்' என்று எழுதச் சொன்னாள்.

4

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோன்.

முதல் வாரம் உற்சாகமாக இருந்தாள். இளநீர், கன்றுக்குட்டி, அத்தை பிழிந்த சந்தவம் என்கிற இடியாப்பம். மாமா பேசுவது பாதி புரியவில்லை என்றாள். வீட்டிலேயே என்னோடு ஆங்கிலம் கலந்துதான் பேசுவாள், பள்ளிப் புத்தகத் தமிழும், வாக்கியக் கடைசியில் ஒட்டும் சிங்கப்பூர் 'லா'வும் சேர்ந்த ஒரு தமிழ் அவளுடையது. போகட்டும், இரண்டு மாதத்தில் நாக்கு திருந்தும் என்று நானும் சாந்தாமணியும் சிரித்தோம்.

இரண்டாவது ஞாயிறு, "அப்பா, இங்கயும் ஹேஸ் இருக்கு லா" என்றாள்.

"அது பனி, கண்ணு."

"பனி ஸ்மெல் வராதுப்பா."

"அங்க சோளத்தட்டு எரிப்பாங்க, அடுப்புப் பொகை இருக்கும். ஹேஸ் எல்லாம் இல்லை. அப்பா இன்னைக்கிக் கூடப் படம் பார்த்தேன்."

மூன்றாவது ஞாயிறு மறுபடியும் சொன்னாள். சிங்கப்பூர் வாடை மாதிரியே இருக்கிறது, ராத்திரி இருமல் வருகிறது, மாமா லாரியில் தண்ணீர் கொண்டுவந்து எங்கோ ஊற்றுகிறார். எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பி வர அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். தொலைக்காட்சி இல்லை, தோழிகள் இல்லை, கொசுக்கடி. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் ஊர் ஒரு வாரத்துக்கு மேல் இனிக்காது. "பவி, பொய் சொல்லக் கூடாது. நான் பார்த்துட்டேன். அங்க ஒண்ணும் இல்லை" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிப்பா" என்றாள்.

நான்காவது ஞாயிறு, எப்படி இருக்கிறாய் என்றேன். "நல்லா இருக்கேன்ப்பா" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

5

அடுத்த புதன்கிழமை மயிலுசாமி ஃபோன் செய்தார். பவிக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி வந்து, பொள்ளாச்சியில் முடியாது என்று கோவைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். "மாப்ள, பொறப்பட்டு வாங்க" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

புகைக்காலத்தில் எங்கள் பிரிவில் யாருக்கும் லீவு கிடையாது என்று சுற்றறிக்கையே வந்திருந்தது. மேலதிகாரி கெட்டவர் இல்லை. அவசர விடுப்புப் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டு கட்டம்தான். நெருங்கிய உறவினர் இறப்பு. நெருங்கிய உறவினருக்கு உயிராபத்து, மருத்துவச் சான்றுடன். சான்று இல்லாமல் இரண்டாவது கட்டத்தில் குறி போட முடியாது என்றார். முதல் கட்டத்துக்குச் சான்றைப் பிறகு கொடுத்தால் போதுமாம். நான் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, முதல் கட்டத்தில் குறி போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்று வரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மயிலுசாமி டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு காந்திபுரத்துக்கு ஓடி, ஒரு ஃபேக்ஸ் கடையில் வரிசையில் நின்று அனுப்பினார். பாதி எழுத்து விழவில்லை. மறுபடி ஓடினார், மறுபடி அனுப்பினார். இதற்குள் ஒன்றரை நாள். சாந்தாமணி தொழிற்சாலையில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். விமானத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. சென்னை, பிறகு ரயில். கோவையில் இறங்கும்வரை அவள் பேசியது ஒரே வாக்கியம். "புள்ள சொன்னாளல்லங்க."

6

முகமூடிக்குள் பவியின் முகம் பாதிதான் தெரிந்தது. கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தேங்காய் மட்டையை அடித்து நார் பிரித்தெடுக்கிற மில். நாருக்கு விலை உண்டு, உதிரும் தூளைச் சீந்துவார் இல்லை. வருடக்கணக்காகக் கொட்டிக் கொட்டி வீட்டு உயரத்துக்கு மேல் ஒரு மேடாகிவிட்டது. அதன் ஓரங்களில் இருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. தீ என்று எதுவும் இல்லை, அடியில் எங்கோ கனன்றுகொண்டிருந்தது. கணவாய்க் காற்று அடித்தவரை புகையை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. காற்று ஓய்ந்ததும் அது தோப்புக்குள் இறங்கித் தங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான தீப்புள்ளிகளுக்கு வட்டம் போட்டவன் நான். ஒன்றின் பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. மூச்சை இழுத்தேன். சிங்கப்பூர் வாடைதான். மகள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

மில் ஆபீஸ் சுவரில் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் என் ஃபேக்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

நான் மயிலுசாமியின் சட்டையைப் பிடித்தேன். ஐம்பது வயது மனிதர், என் கல்யாணத்துக்குச் சீர் செய்தவர். அவர் என் கையைத் தடுக்கவில்லை.

"அடிச்சுப்போடுங்க மாப்ள. நீங்க கேட்டப்பவே ஒரு ஓரத்துல பொகைஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு. புள்ள வாரதுக்குள்ள அணைச்சுப்போடலாம்னு நெனச்சேன். தங்கச்சி புள்ளைய அனுப்பறேங்கறீங்க. இப்ப வேண்டாமுங்கன்னு எந்த வாயில சொல்றதுங்க?"

"வந்ததுக்கு அப்பறமாவது சொல்லக் கூடாதா மச்சான்?"

"சொல்லோணும்னுதான் ஃபோன்கிட்டப் போவேன். இந்தப் படம் கண்ணுல படும். அத்தனை படிச்சவரு, ஆகாசத்துல இருந்து பார்த்து ஒண்ணுமில்லைன்னு எழுத்துல குடுத்திருக்காரு. நாம போயி அது தப்புங்கன்னு சொன்னா மாப்ளைய மட்டம் தட்டற மாதிரி ஆயிருமுங்களே. வேலைக்காரங்க பொகை பொகைன்னாங்க. நாந்தான் அவங்க வாயை அடைச்சேன்."

சட்டையை விட்டுவிட்டேன். யாரை அடிப்பது? வருகிற பிள்ளையை வராதே என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். நானும் அதே ஊர்க்காரன்தான். அந்த இரண்டு நொடி மௌனம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'முடியாது' என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் தயங்குவார்கள், எதிராளி புரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அதைக் கேட்கும் காது எனக்குப் போய்விட்டது. கம்பிக் கோளாறாம்.

பவி பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் பழையபடி ஆகாது, இனிமேல் இது கூடவே வரும், புகை இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். அவர் என் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அது உங்களுக்குத்தானுங்களே தெரியும்?" என்றார்.

7

மழை இறங்கிச் சிங்கப்பூர் வானம் தெளிந்த பிறகு அழைத்து வந்தோம்.

மயிலுசாமி மண் அள்ளும் இயந்திரம் வைத்து அந்த மேட்டையே பெயர்த்து, பரப்பி, நனைத்து ஒழித்துவிட்டார். மாதம் ஒரு கடிதம் போடுகிறார், பவியின் பெயருக்கு. சாந்தாமணி இப்போதெல்லாம் என்னிடம் புகையைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்து ஜன்னல் கம்பியில் கட்டுகிறாள். சாயங்காலம் அதைப் பிரித்து, படிந்த கரியைப் பார்த்து, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறாள். நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பவிக்கு இப்போது பத்து வயது. அத்தையும் மாமாவும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்ததில் அவர்கள் பேச்சு அவளிடம் ஒட்டிக்கொண்டது. தமிழ் ஆசிரியை கூப்பிட்டு, கட்டுரையில் வீட்டை 'ஊடு' என்று எழுதுகிறாள், கண்டியுங்கள் என்றார். ஒட்டிக்கொண்டது பேச்சு மட்டுமில்லை. அடக்கமாகிவிட்டாள். கத்துவதில்லை, அடம் பிடிப்பதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். பிள்ளை எவ்வளவு பதவிசாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மெச்சுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாக இருந்த புள்ளி நேற்று பதினொன்று ஆயிற்று. காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

இன்று காலை ஏழு மணிக்குக் குளியலறைக் குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்து வந்துவிடுமே என்று கதவருகே போனேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், மெல்லிய சீழ்க்கை மாதிரி. அது எனக்குத் தெரிந்த சத்தம்.

"பவி, மூச்சு முட்டுதா கண்ணு?"

குழாயை இன்னும் கொஞ்சம் திருகும் சத்தம் கேட்டது.

"கண்ணு, நீ என்ன சொன்னாலும் அப்பா நம்பறேன். சொல்லு சாமி."

சாந்தாமணி ஓடிவந்து, தாழின் வெளிப்பக்கப் பிளவில் நாணயத்தை நுழைத்துத் திருப்பிக் கதவைத் திறந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் பவி சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். கையில் மருந்துக் குழல். உதடு சாம்பல் நிறம். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போல் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் காற்றைத் தேடிக்கொண்டு. "நல்லாத்தானுங்க இருக்கேன். நீங்க ஆபீசுக்குப் பொறப்படுங்க."